துருத்தி வாசித்த மங்களம்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் யார் எப்போது அழவேண்டும், யார் எப்போது சிரிக்கவேண்டும் என்பதை ஒரே ஆள்தான் முடிவு செய்தார். டோக்கியோவில் இருந்த ராஜா இல்லை. துருத்தி.

சொந்தப் பெயர் தெரியாது. நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவர். கோபம் வந்தால் கன்னம் இரண்டும் கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி உப்பும். அடிக்கடி கோபம் வரும். அதனால் பெயர் நின்றுவிட்டது.

நான் அப்போது கெடாவில் செமிலிங் என்ற ஊரில் ஒரு சினிமாக் கொட்டகையில் கதவு காத்தேன். டிக்கெட்டைக் கிழிப்பது, நாயை விரட்டுவது, கதவைச் சாத்துவது. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. கதவு சாத்த அது போதும்.

தகரக் கொட்டகை. மழை பெய்தால் வசனம் கேட்காது. வெயில் அடித்தால் ஆணி ஓட்டை வழியாகச் சூரியன் உள்ளே வந்து கதாநாயகிக்குப் பொட்டு வைக்கும். சில நேரம் மூக்கில் வைக்கும். இருட்டிய பிறகு விளக்கு எரியக்கூடாது என்று உத்தரவு. அதனால் பகல் ஆட்டம்தான். முன்கதவு ரோட்டைப் பார்த்தது. பட்டணத்து ஆட்கள் அந்த வழி. பக்கக் கதவைத் திறந்தால் ரப்பர் தோட்டம். தோட்டக் குடியிருப்பான லயத்துச் சனம் இந்த வழி.

முதலாளி நாகூர்க்காரர். துணிக்கடையும் வைத்திருந்தார். சண்டை வந்ததும் துணி போனது. கொட்டகை மிஞ்சியது. கொட்டகையில் ஒரே ஒரு தமிழ்ப் படம் மிஞ்சியது. திருப்பி அனுப்பக் கப்பல் இல்லை. ராஜா ராணிப் படம். நடுவில் சில சுருள்கள் காணாமல் போய்விட்டன. இருந்ததையும் மெஷின்காரர் கைக்கு வந்த வரிசையில் போடுவார். ராணிக்குக் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை நடக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்ச காலம்.

அந்தப் படத்துக்கும் ஒருநாள் நாக்கு போயிற்று. மெஷினில் பேச்சை எடுக்கிற விளக்கு ஒன்று உண்டு. அது சுட்டுப்போனது. வேறு விளக்கு கெடா முழுக்கக் கிடையாது.

அன்று ஊமைப் படம் ஓடியது. ராஜா வாயைத் திறந்தார், மூடினார். ராணி திறந்தாள், மூடினாள். கோலா கெடா மீன் பாசாரில் கூடையில் கிடக்கிற மீன்கள் மாதிரி. சனம் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தது. அடுத்து ராஜாவைப் பெற்ற கிழவி சாகிற கட்டம். வழக்கமாகப் பெண்கள் மூக்கைச் சிந்துகிற இடம். கிழவி மகன் மடியில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"யம்மா, தண்ணி வேணுமா?" என்று ஒருத்தன் கத்தினான்.

தகரம் கழன்றுவிடும் போலச் சிரிப்பு. முதலாளி மட்டும் அழுதார்.

கொட்டகைக்குப் பின்னால் சாமான் அறை. அதில் ஒரு ஆள் படுத்திருந்தார். நாடகக் கம்பெனியோடு வந்தவர். ஜித்ராவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது சண்டை வந்துவிட்டது. வெள்ளைக்காரன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். கம்பெனிக்காரர்கள் கிரீடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இவர் பெட்டியைப் போடவில்லை. கால் பெட்டி அது. காலால் மிதித்துக் காற்றடித்து இரண்டு கையாலும் வாசிப்பது. சின்ன அலமாரி அளவு இருக்கும். அதைத் தலையில் தூக்கிக்கொண்டு செமிலிங் வரை நடந்து வந்தார். முதலாளி இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு.

சிரிப்புச் சத்தம் கேட்டு எழுந்து வந்தார்.

"என்னா தம்பி சிரிப்பு?"

"கெழவி சாவுறாண்ணே."

கன்னம் உப்பியது.

"சாவுக்கா சிரிக்கிறானுங்க?"

பெட்டியை இழுத்துவந்து திரைக்குக் கீழே போட்டார். மெஷின்காரரைப் பார்த்து, "அந்தச் சுருள மறுபடி போடுயா!" என்று கத்தினார். போட்டார். கிழவி மறுபடி வாயைத் திறந்தாள். துருத்தி ஒரு கட்டையை அழுத்தினார். ஒன்றே ஒன்று. அதை விடவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த இன்னொன்று. பிறகு பழையபடி முதல் கட்டை. கொட்டகை அடங்கியது. தண்ணி வேணுமா என்று கேட்டவன்தான் முதலில் அழுதான்.

அதே கிழவி. அதே வாய். மீன் போய் அம்மா வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து கூட்டம். பீடோங், மெர்போக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் நடந்து வந்தார்கள். சாக்குத் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பார்க்க இல்லை. படம் எல்லாருக்கும் மனப்பாடம். இன்றைக்குத் துருத்தி என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க.

"கண்ணு ஒரு மக்கு, தம்பி," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். "காட்டுனதப் பாத்துக்கிட்டு நிக்கும். அது நல்லதா கெட்டதான்னு காதுதான் அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

நான் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும்.

"நாளைக்கு முதலாளியப் பாரு," என்றார்.

ஆட்டம் தொடங்கும் முன்பு முதலாளி திரைக்கு முன்னால் குறுக்கே நடந்துபோய் விளக்கை அணைப்பார். தினமும் செய்கிற வேலை. மறுநாள் அப்படி நடந்தார். துருத்தி பெட்டியின் அடிக்கட்டையில் மெதுவாக, திருடன் சுவர் ஏறும்போது வாசிக்கிற சத்தத்தை வாசித்தார். முதலாளி நின்றார். சத்தமும் நின்றது. நடந்தார். சத்தமும் நடந்தது. முன் வரிசையில் ஒரு அம்மா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யோவ் துருத்தி! என்னைய என்னான்னு நெனச்சே?"

"நா ஒண்ணும் நெனைக்கல முதலாளி. சனம் நெனைக்குது. நேத்து வந்த கெழங்கு அழுகல்."

அடுத்த நாள் கிழங்கு நன்றாக வந்தது. கூடவே கருவாடு. அன்று முதலாளி நடந்தபோது துருத்தி மாப்பிள்ளை ஊர்வலம் வாசித்தார். சனம் கைதட்டியது. முதலாளி தன்னை அறியாமல் காலரை இழுத்துவிட்டார். விளக்கை அணைத்தபிறகு வேலை ஒன்றும் இல்லாமலே திரும்பவும் ஒருமுறை குறுக்கே நடந்தார்.

அன்றைக்கு நான் நம்பினேன்.

படத்து ராஜா குண்டு. துருத்திக்கு அவரைப் பிடிக்காது. "இந்தத் தொப்பைக்குக் காதலா?" என்பார். காதல் கட்டத்தில் ராஜா தோட்டத்துக்குள் ஓடிவருவார். துருத்தி அடிக்கு ஒரு கட்டை போடுவார். தவளை தத்துகிற மாதிரி இருக்கும். ராணி வெட்கப்பட்டுத் திரும்புவாள். சனம், அவள் சிரிப்பை மறைக்கத் திரும்புகிறாள் என்று நினைக்கும். வில்லன்மேல் இவருக்குப் பிரியம். ஒல்லியான ஆள். அவன் வரும்போதெல்லாம் தாயில்லாப் பிள்ளை மாதிரி வாசிப்பார். கடைசியில் ராஜா அவனைக் கத்தியால் குத்துவார். ஒருநாள் அந்த இடத்தில் துருத்தி கையை எடுத்துவிட்டார். சத்தமே இல்லை. கொட்டகை மூச்சை நிறுத்தியது. வெளியே நாய் குரைத்தது. ஒருத்தன் பெஞ்சிலிருந்து விழுந்தான். பால்மரம் வெட்டுகிற இன்னொருத்தன் செருப்பைக் கழற்றி ராஜாமேல் எறிந்தான். செருப்பே கிடைக்காத காலம். ஆட்டம் முடிந்து அதைத் தேடி எடுக்க வந்தான்.

"ராஜாவையா அடிச்சே?" என்றேன்.

"பின்ன? நல்ல மனுசன அநியாயமாக் கொன்னுட்டான்லா," என்றான்.

கோபம் வந்தால் எடுக்கத் துருத்தி ஒரு ஆயுதம் வைத்திருந்தார். மங்களம். நாடகமோ பஜனையோ கூத்தோ, மங்களம் பாடினால் முடிந்தது என்று எங்கள் சனத்துக்குக் காலே சொல்லிவிடும். மூளை வரை போகவேண்டியதில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மங்களத்துக்குப் பிறகு உட்கார்ந்திருந்தால் குடும்பத்துக்கு ஆகாது.

ஒருநாள் கிழவி சாகிற நேரம் யாரோ பின்னாலிருந்து கொட்டாவி விட்டான். பெரிய கொட்டாவி. துருத்தியின் கன்னம் உப்பியது. அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு மங்களத்தைப் பிடித்தார். கிழவி இன்னும் சாகவில்லை. சனம் எழுந்துவிட்டது.

"ஒக்காருங்க! படம் பாதிகூட ஆவல!" முதலாளி கையை விரித்துக்கொண்டு ஓடினார்.

"மங்களம் பாடியாச்சு முதலாளி."

"அவன் கோவத்துல பாடுறான்யா!"

"கோவமோ தாபமோ, பாடியாச்சு. நா புள்ளகுட்டிக்காரன்."

யாரும் இல்லாத கொட்டகையில் கிழவி தனியாகச் செத்தாள். அடுத்த ஆட்டத்தில் கொட்டாவிக்காரனை அவன் பெண்சாதி கர்ச்சீப்பால் வாயைக் கட்டி உட்கார வைத்திருந்தாள்.

சிரித்ததை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. லாரி. ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட்டான். ஆள் வேண்டும். தோட்டத்துக்குள் லாரி வந்தால் ஆம்பிளைகள் காட்டுக்குள் ஓடுவார்கள். அகப்பட்டவன் போனான். போனவனிடமிருந்து கடுதாசி இல்லை. ஆள் இல்லை. செத்த சேதிகூட இல்லை. என் மச்சானும் போனார். அக்கா புருஷன்.

அக்கா வீட்டில் அழவில்லை.

"நா ஏண்டா அழணும்? அவரு என்ன செத்தா போனாரு?" என்பாள்.

ஆனால் ஆட்டம் தவறாமல் கொட்டகைக்கு வருவாள். கிழவி சாகும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள். அவள் மட்டும் இல்லை. லயங்களில் அப்படிப் பல பெண்கள். கிழவிக்காக அழுவதாகச் சொல்லிக்கொள்வார்கள். துருத்திக்கு அது தெரியும். கிழவி செத்துமுடிந்து படம் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். ராஜா குதிரையில் ஏறிப் போவார். துருத்தி நிறுத்தமாட்டார். இவர்கள் முடிக்கும்வரை குதிரையும் அழுதுகொண்டே ஓடும்.

ஒருநாள் அக்கா நேராக அவரிடமே போனாள்.

"என்னாண்ணே, நேத்து சரியா அழுகை வரலையே? என்னத்த வாசிச்சீங்க?"

"எப்பவும் வாசிக்கிறதுதாம்மா. கால் வலி. மிதிக்க முடியல."

"கஞ்சி கொண்டாறேன். நாளைக்கு ஒழுங்கா வாசிங்க."

"கெழங்குக் கஞ்சியா?"

"அரிசி."

"அப்ப நாளைக்கு உன்னைய நாலு பேரு தூக்கிக்கிட்டுத்தான் போவணும்."

அக்கா சிரித்தாள். மச்சான் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

கூட்டம் சேர்கிறது என்ற சேதி ஜப்பான்காரனுக்குப் போயிற்று. ஒரு அதிகாரி வந்தான். வட்டக் கண்ணாடி, இடுப்பில் வாள். கண்ணாடி என்றே நாங்கள் பெயர் வைத்தோம். கொஞ்சம் மலாய் பேசுவான். ஒரு டப்பாவில் அவர்கள் நாட்டுப் படம் கொண்டுவந்தான். பட்டாளம் நடப்பது, கப்பல், விமானம். முதலில் இது, பிறகுதான் ராஜா ராணி என்று உத்தரவு.

திரையில் பட்டாளம் நடந்தது. துருத்தி தலையைச் சொறிந்தார். பிறகு காவடி அடியைப் பிடித்தார். அவ்வளவுதான். பட்டாளம் முழுவதும் காவடி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிட்டது. சனம் தொடையில் தாளம் போட்டது. ஒரு கிழவருக்குச் சாமி வந்துவிட்டது. விமானங்கள் வந்தன. துருத்தி தாலாட்டுக்கு மாறினார். குண்டு விழுந்தது. பிள்ளைகள் தூங்கின.

கண்ணாடிக்கு ஒரே சந்தோஷம். வேறு எந்த ஊரிலும் இந்தப் படத்துக்குக் கைதட்டல் விழவில்லையாம். துருத்தியின் தோளில் தட்டினான். துருத்தி அந்தத் தோளை ஆட்டம் முடிந்ததும் சோப்பு இல்லாமல் சாம்பல் போட்டுக் கழுவினார்.

அன்று கடைசியில் வழக்கம்போல் மங்களம். வழக்கம்போல் சனம் எழுந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடி திரும்பிப் பார்த்தான். எல்லாரும் நிற்கிறார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அவனுக்கு முகம் மாறியது.

"இனி அப்பா?" என்று முதலாளியை மலாயில் கேட்டான். இது என்ன என்று.

ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது சனம் முதுகைக் காட்டிக்கொண்டு போனால் அறை யாருக்கு விழும் என்று முதலாளிக்குத் தெரியும்.

"லாகு ஹோர்மாட், துவான்," என்றார். மரியாதைப் பாட்டு, ஐயா என்று. பிறகு வாய் சும்மா இருக்காமல், "ராஜாவுக்கு," என்று சேர்த்தார்.

எந்த ராஜா என்று சொல்லவில்லை. கண்ணாடிக்குத் தெரிந்தது ஒரே ராஜாதான். சடக்கென்று எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். குதிகாலைச் சேர்த்தான். திரையைப் பார்த்து விறைத்து நின்றான். மங்களம் முடியும்வரை இமை அசையவில்லை. அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. இந்தப் பாட்டு ஒலித்தால் அவனும் அவன் ஆட்களும் இருந்த இடத்தில் நிற்கவேண்டும். பேசக்கூடாது. திரும்பக்கூடாது. நாங்களும் நிற்கவேண்டும் என்று சொன்னான். முன் வரிசை நின்றது. பின் வரிசை அவன் முதுகுக்குப் பின்னால் பக்கக் கதவு வழியாகக் கசிந்துவிடும். அவன்தான் திரும்பமாட்டானே.

சாமான் அறையில் இதைக் கேட்டுத் துருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம மங்களத்துக்கு வாள் வச்சவன் நிக்கிறான் தம்பி! என் வாத்தியம்மா கேட்டா நம்பமாட்டா."

வாத்தியம்மா யார் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

சில வாரம் கழித்துக் கண்ணாடி இலவச ஆட்டம் அறிவித்தான். டிக்கெட் கிடையாது. தோட்டம் தோட்டமாக ஆள் அனுப்பிச் சொன்னான். கொட்டகை நிறைந்தது. பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். எப்போதும் பதுங்குகிற இளவட்டங்கள்கூட வந்திருந்தார்கள். ஜப்பான்காரனுக்குப் பயந்து வீட்டில் கிடந்தவர்கள், துருத்திக்காக வெளியே வந்தார்கள்.

கண்ணாடி முன் வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் முதலாளி. இந்த முறை சிப்பாய்கள் அதிகம். முன்கதவில் சிலர். பக்கக் கதவில் ஒருத்தன். சுவரோரம் சிலர். காவடி ஆடிய பட்டாளம் முடிந்து ராஜா ராணி தொடங்கியது.

தகர ஓட்டையில் கண்ணை வைத்து ரோட்டைப் பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். லாரி. அதன் பின்னால் லாரி. அதன் பின்னால் இன்னும். வந்து வரிசையாக நின்றன. கரி போட்டு ஓட்டுகிற லாரிகள். எல்லாம் காலி. பின்னால் கயிறு கிடந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. விளக்குப் போட்டதும் பிடிப்பான்.

குனிந்தபடி திரைக்குக் கீழே போனேன். துருத்தி வாசித்துக்கொண்டிருந்தார். கிழவி படுக்கையில் விழுந்தாயிற்று. அவருக்குப் பிடித்த இடம் வருகிற நேரம்.

"அண்ணே, வெளிய லாரி."

கை நிற்கவில்லை.

"எவ்ளோ?"

"எல்லாரையும் ஏத்தலாம்."

கிழவி வாயைத் திறந்தாள்.

"சனம் எதுக்கு வந்துச்சு?" என்றார்.

"நீங்க வாசிக்கிறதக் கேக்க."

கன்னம் உப்பியது. இந்த முறை யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியவில்லை.

"பக்கக் கதவத் தொறந்து வைய்யி. தொறந்துட்டு நீயும் போயிரு."

"நீங்கண்ணே?"

"நா போனா எவன்டா வாசிக்கிறது, உங்கப்பனா?"

பிறகு திரையை நிமிர்ந்து பார்த்தார். கிழவி மகன் கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மறுபடி சாவுக் கட்டத்துல மங்களம். என் மானம் போச்சு," என்றார்.

பிடித்தார்.

சனத்தின் கால் எழுந்தது. கண்ணாடியும் எழுந்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. படம் எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியாது. எங்களுக்கே தெரியாது. தொப்பியைக் கழற்றினான். குதிகாலைச் சேர்த்தான். சுவரோரச் சிப்பாய்கள் விறைத்தார்கள். முன்கதவில் விறைத்தார்கள். பக்கக் கதவுச் சிப்பாய் விறைத்தான். எல்லார் கண்ணும் திரையில்.

நான் பக்கக் கதவைத் திறந்தேன். பின் வரிசை வழக்கம்போல் கசிந்தது. "லாரி. காட்டுக்குள்ள போ," என்று ஒவ்வொருத்தன் காதிலும் சொன்னேன். போனான். சிப்பாயின் முழங்கைக்கு அடியில் குனிந்து போனார்கள். செருப்பில்லாத கால். சத்தமில்லை. சிப்பாயின் கண் மட்டும் ஒரு ஓரத்துக்கு ஓடி ஓடித் திரும்பியது. கழுத்து திரும்பவில்லை.

அக்கா அசையவில்லை.

"கெழவி இன்னும் சாவலையேடா!"

"லாரி, அக்கா!"

அடுத்த வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்த இளவட்டங்கள் இரண்டு பேரைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பின் வரிசை தீர்ந்தது. நடு வரிசை. பிறகு முன் வரிசை. மங்களம் என்பது வெற்றிலை மடிக்கிற நேரம்தான். அது தீர்ந்துவிட்டது. துருத்தி தீரவிடவில்லை. வாயையும் திறந்தார். பிள்ளையாருக்கு மங்களம். முருகனுக்கு மங்களம். மாரியாத்தாவுக்கு. முனியாண்டிக்கு. முதலாளி முகத்தைப் பார்த்து நாகூர் ஆண்டவருக்கு. சாமிகள் தீர்ந்தன. ஆட்களுக்கு வந்தார். முதலாளிக்கு மங்களம். அவர் கொடுத்த கிழங்குக்கு மங்களம். குண்டு ராஜாவுக்கும் போனால் போகிறது என்று ஒரு மங்களம்.

கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் கூட்டம் கரைகிறது என்று முதுகு சொல்லியிருக்கும். கழுத்து சிவந்தது. காது அசைந்தது. ஆனால் ராஜா பாட்டு. சட்டம் போட்டவன் அவன். சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் முதலில் அசைந்தால் அவன் கதி என்ன? நின்றான்.

கதவில் நான் கடைசி. திரும்பிப் பார்த்தேன். துருத்தியின் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. வலிக்கிற கால். என்னைப் பார்த்தார். போ என்று தாடையை ஆட்டினார். கதவு காக்கும் தம்பிக்கு மங்களம் என்று பாடினார்.

போனேன்.

மிச்சம் முதலாளி சொன்னது. நாங்கள் காட்டுக்குள் வெகுதூரம் போய்ச் சேர்கிற வரைக்கும் பாட்டு நின்றபாடில்லை. கடைசியில் கால் மரத்துப்போய்ப் பெட்டியில் காற்று நின்றது. கண்ணாடி திரும்பினான். வெறும் பெஞ்சுகள். முதலாளிக்கு ஒரு அறை. துருத்திக்குப் பல அறை. அத்தனை லாரி வந்து வெறுமனே திரும்பினால் அவனுக்கு மேலே இருக்கிறவன் கேட்பான். ஒரு ஆளாவது வேண்டும். துருத்தியை ஏற்றினார்கள். அவ்வளவு பெரிய லாரியில் அவர் ஒருத்தர். பெட்டியைக் கேட்டார். கொடுக்கவில்லை.

லாரி கிளம்பியது. முதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே ஓடிப் பெட்டிமுன் உட்கார்ந்து காலால் மிதித்து, கைக்கு வந்த கட்டைகளை அமுக்கியிருக்கிறார். கிழவி சாவுக்கு வாசிப்பதை வாசிப்பதாக அவர் நினைப்பு. ரோட்டிலிருந்து குரல் வந்ததாம்:

"முதலாளி! வெரல எடுங்க! அது அழுகை இல்ல, ஆடு கத்துறது!"

கடைசியாகக் கேட்டது அதுதான்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். எலும்பும் தோலுமாக வந்தார்கள். ஒவ்வொருத்தரிடமும் கேட்டேன். கன்னம் உப்புகிற ஆள், பெட்டி வாசிக்கிற ஆள். யாருக்கும் தெரியவில்லை. மச்சானும் வரவில்லை.

பேச்சு விளக்கு பினாங்கிலிருந்து வந்தது. மெஷினில் மாட்டினார்கள். அதே படம். இப்போது ராஜா பேசினார். ராணி பாடினாள். கிழவி மகனே மகனே என்று வாய்விட்டு அழுது, பின்னால் முப்பது பிடில் ஒலிக்கச் செத்தாள். கொட்டகை கல்லாக உட்கார்ந்திருந்தது.

"அவதான் அழுவுறா," என்றாள் அக்கா. "எனக்கு வரல."

"படத்த மாத்திட்டாங்களா முதலாளி?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

பெட்டி திரைக்குக் கீழே அதே இடத்தில் இருந்தது. முதலாளி அதை எடுக்கவிடவில்லை. விளக்கை அணைக்கக் குறுக்கே நடக்கும்போது அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடப்பார்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. கோயிலில் பஜனை நடந்தால் போவேன். மங்களம் பாடுவார்கள். சனம் எழுந்துவிடும். "முடிஞ்சிருச்சு மாமா, எழுந்திரிங்க," என்பாள் மருமகள். கால் வலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். கடைசி ஆள் போகும்வரை.

துருத்தி மங்களத்தை முடித்ததை நான் கேட்கவில்லை.